காமாலைக் கண்

என் மனைவி சண்முகவடிவுக்கு இருதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. மூடவில்லை என்றால் மூட வைக்க வேண்டியதுதானே? நான் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பெட்டிக் கதவு மூடவில்லையென்றால் கீலைப் பார்ப்போம், கொண்டியைப் பார்ப்போம், அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் மூடிவிடும். இருதயக் கதவுக்கு அரம் கிடையாதாம். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அதை அரித்துவிட்டதாம். இனி ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, மாதம் ஒரு வியாழக்கிழமை வந்து சீட்டைக் காட்டி மருந்து வாங்கிப் போக வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம்.

அந்த மாத்திரையைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, வெள்ளை. மூர்த்தி சிறிது, கீர்த்தி பெரிது என்று சொல்லி அவள் கையில் கொடுத்தேன். எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வது என் வழக்கம். "ஒங்களுக்கு மூச்சுக்கு முன்னால பழமொழில்லா வருது" என்று வடிவு கேலி செய்வாள். கேலி செய்வாளே தவிர, அடுத்த பழமொழிக்குக் காதைத் தீட்டிக்கொண்டும் இருப்பாள்.

எங்கள் வீடு தாராவியில், லாசர் வீட்டுக்கு ஒட்டின சுவர். லாசர் தோல் பதனிடும் கூடத்தில் வேலை பார்க்கிறவன். அவன் பெண்டாட்டி சேசம்மாளும் வடிவும் கூடப்பிறக்காத அக்கா தங்கை. ஒர்க்‌ஷாப் சங்கு எங்கள் சந்துவரை கேட்கும். முதல் சங்குக்கு வடிவு வாயில் மாத்திரை, கடைசிச் சங்குக்கு நான் கேட்டுக்குள் என்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். எனக்கு முறை என்றால் முறைதான். ஒரு நட்டு அரைச் சுற்றுக் குறைந்தாலும் தூக்கம் வராத ஜென்மம் நான்.

எனக்குத் தெரிந்து இந்த முறை ஒரே ஒரு தடவை தவறியது. தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவள் ஒரு மாதம் மாத்திரையை அடியோடு மறந்துவிட்டாள். திரும்பி வந்து தாதர் ஸ்டேஷனில் இறங்கும்போது கால் இரண்டும் உலக்கை மாதிரி வீங்கியிருந்தது. படி ஏற மூச்சு இல்லை. அந்த வியாழக்கிழமை டாக்டர் அவளைத் திட்டவில்லை, என்னைத் திட்டினார். "குச் பீ ஹோ, தவா பந்த் நை கர்னா" என்றார். எது வந்தாலும் மருந்தை நிறுத்தாதே. என் ஹிந்தி ஒர்க்‌ஷாப் ஹிந்தி, பாதி புரியும், பாதிக்குத் தலையாட்டுவேன். ஆனால் அந்த வாக்கியம் மட்டும் முழுசாகப் புரிந்து மண்டையில் ஆணியாக இறங்கிவிட்டது.

அறுபத்தைந்தாம் வருஷம் மே மாதம் மறுபடியும் வீக்கம் வந்தது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, தினமும் மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டார். ஒரு நாள் தவறவில்லை, நானே சாட்சி என்று மார்தட்டிச் சொன்னேன். வடிவு என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தினமும் ஒன்று சாப்பிட்டும் வீங்கினால் ஒன்று போதவில்லை என்றுதானே அர்த்தம்? டாக்டர் சீட்டில் ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினார். அவர்மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் கிடையாது. நான் சொன்னதை வைத்துத்தான் அவர் எழுதினார்.

ஜூனில் மழை பிடித்தது. கூரைத் தகரத்தில் ஒழுக்கு விழுந்து சுவரில் தண்ணீர் வழிய, நனைந்துவிடுமே என்று திருச்செந்தூர் முருகன் படத்தைக் கழற்றினேன். பின்னாலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. பிரித்தால் வெள்ளை மாத்திரைகள். நாற்பத்துமூன்று இருந்தன.

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டேன். பொட்டலத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவள் பொட்டலத்தை மடித்து மூடினாள். பிறகு சொன்னாள்: "தெனம் போட்டா குமட்டுதுங்க. சோத்தப் பாத்தாலே ஓங்கரிப்பு வருது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டா ஒண்ணும் செய்யல. எனக்கு எவ்வளவு தாங்கும்னு எனக்குத் தெரியாதா?"

டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். சங்கு ஊதியதும் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொண்டு, நான் செருப்பை மாட்டித் தெருவில் இறங்கியதும் துப்பி ஒளித்து வைத்துவிடுவாளாம். சங்குக்கு ஒரு மாத்திரை என்று நான் வைத்த முறைக்கு அவள் வைத்த முறை. வீக்கத்துக்குக் காரணம் வேறு ஒன்றும் வெளியே வந்தது. உப்பில்லாச் சோறு இறங்காமல் சேசம்மாள் வீட்டு நெத்திலிக் கருவாட்டைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாள். இத்தனையும் என் முதுகுக்குப் பின்னால். என் பெயர்தான் நம்பிராஜன். அன்றோடு என் பெண்டாட்டியை நம்புவதை விட்டேன்.

நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று. அடுத்த வியாழக்கிழமை போய், டாக்டர் சாப், நான் சொன்னது தப்பு, அவள் ஒன்றையே ஒழுங்காகச் சாப்பிடவில்லை, நீங்கள் இரண்டு எழுதிவிட்டீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. நானே சாட்சி என்று சொன்ன வாயால் அதை எப்படிச் சொல்வது? அரை நாள் லீவும் ஃபோர்மன் தர மாட்டான் என்று எனக்கு நானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டேன். வெட்கம்தான், வேறொன்றும் இல்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு மாத்திரைக்குப் பழகிய உடம்பில் இனி தினமும் இரண்டு இறங்கினால் அது நான்கு மடங்கு என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து சங்குக்கு மாத்திரையை அவள் கையில் கொடுக்கவில்லை. நானே வாயில் போட்டேன். தண்ணீர் கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் வந்ததும் இரண்டாவது. சந்தேகம் வந்தால் விரலை விட்டும் பார்த்தேன். அவள் முகத்தில் அப்போது ஓர் அவமானம் இருந்தது. அதைப் பார்த்தேன், பார்த்தும் விட்டுவிட்டேன். பதினைந்து நாளில் வீக்கம் வற்றியது. பார்த்தாயா என்றேன். ஆமாங்க என்றாள்.

பிறகு குமட்டல் தொடங்கியது. காலைக் கஞ்சி தங்குவதில்லை. மதியம் இரண்டு கவளத்துக்கு மேல் போவதில்லை. மாத்திரைதான் செய்யுது என்றாள். புலி வருது, புலி வருது என்ற கதைதான் என்று நினைத்தேன். மாத்திரையை ஏமாற்றுகிறவள் மாத்திரைமேல் பழி போடுவதில் என்ன அதிசயம்? இப்போது தெரிகிறது. முதல் தடவை அவள் சொன்னதும் பொய்யில்லை. பொய்யாக இருந்தது அவள் செய்கைதான். உடம்பைப் பற்றி அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும் நிஜம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இலை போட்டுச் சோறு வைத்தவள், சோறு மஞ்சளாக இருக்கிறதே என்றாள். ரேஷன் அரிசி பின்னே எப்படி இருக்கும் என்றேன். சாப்பிட்டு முடித்து நான் பனியனோடு உட்கார்ந்திருந்தபோது, பனியனும் மஞ்சளாக இருக்கிறது, சோப்புப் போடவில்லையா என்றாள். என் வேர்வை தங்கம், அப்படித்தான் இருக்கும் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பால் செம்பை எட்டிப் பார்த்தாள். "பாலுங்கூட மஞ்சளாத்தாங்க தெரியுது" என்றாள்.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று என் வாய் வழக்கம்போலச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. அட, காமாலை! குமட்டல், சாப்பாடு இறங்காதது, அசதி, எல்லாம் பொருந்துகிறதே. இத்தனை நாள் கண்ணுக்கு முன்னால் இருந்ததைப் பார்க்காமல் விட்டோமே என்று நெற்றியில் அடித்துக்கொண்டேன். அவளுக்கும் ஒருவிதத்தில் ஆறுதலாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். தன் உடம்பில் ஏதோ நடக்கிறது என்பதைப் புருஷன் கடைசியில் நம்பிவிட்டான் அல்லவா?

வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து இமையை இழுத்துப் பார்த்தேன். கண் வெள்ளையாகத்தான் இருந்தது. நகமும் வெள்ளை. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உள்ளே முற்றின பிறகுதான் வெளியே தெரியும் என்றான் லாசர். அதுவும் சரியாகத்தான் பட்டது.

காமாலைக்குக் கீழாநெல்லி. இது யாரைக் கேட்டும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை. ஒர்க்‌ஷாப் சுற்றுச்சுவர் ஓரம் மழைக்கு அது புல்லோடு புல்லாக மண்டிக்கிடந்தது. சாயங்காலம் பிடுங்கி மேல்துண்டில் முடிந்துகொண்டு வருவேன். காலையில் வெறும் வயிற்றில் அரைத்து மோரில் கலக்கி ஒரு தம்ளர். பத்தியம் கடுமை: எண்ணெய் கிடையாது, புளி கிடையாது, டாக்டர் சாப்பிடச் சொன்ன வாழைப்பழமும் கிடையாது. கீழாநெல்லிக்குப் பிறகு சங்கு, சங்குக்கு மாத்திரை. எது வந்தாலும் நிறுத்தக் கூடாது என்றுதானே உத்தரவு? காமாலையும் ஒன்று வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கையால் இங்கிலீஷ் வைத்தியம், மறு கையால் நாட்டு வைத்தியம் என்று லாசரிடம் பெருமையாகவே சொன்னேன்.

ஐந்தாம் நாள் காலை மாத்திரையோடு போனபோது வடிவு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "மஞ்ச மாறலீங்க. வெளக்கச் சுத்தி வட்டம் வட்டமாத் தெரியுது. ரெண்டே ரெண்டு நாளைக்கு இத நிறுத்திப் பாப்பமா? இனிமே ஒளிக்க மாட்டேன், சத்தியமா. ரெண்டு நாள் போதும்."

நிறுத்தவே கூடாது என்று டாக்டர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். அவள் என் கையை விட்டுவிட்டு வாயைத் திறந்தாள். போட்டேன். என் வாழ்க்கையில் ஒரு நிமிஷத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால் நான் அதைத்தான் கேட்பேன்.

ஏழாம் நாள் காலை தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்றவள் குடத்தோடு சரிந்துவிட்டாள். லாசர் ஒர்க்‌ஷாப் கேட்டுக்கு ஓடிவந்து சொல்லி, நான் போய்ச் சேர்வதற்குள் சேசம்மாள் நாலு பேரை வைத்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தாள். டாக்டர் வடிவின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். வெகுநேரம் நின்றார். நாடி நிமிஷத்துக்கு முப்பத்தாறுதான்.

வார்டில் நாசரேத்துப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி இருந்தாள், ஏஞ்சலம்மாள் என்று பெயர். டாக்டர் கேட்பதை அவள் தமிழில் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்: முருகன் படம், நாற்பத்துமூன்று மாத்திரை, சாட்சி சொன்னது, கீழாநெல்லி. சொல்லும்போதே எனக்கு ஒரு நம்பிக்கை, காமாலை என்று தெரிந்ததும் அதற்கு ஏதாவது ஊசி போட்டுவிடுவார்கள் என்று. ஏஞ்சலம்மாள் டாக்டரிடம் பேசிவிட்டு வந்து என்னைத் தனியே அழைத்தாள்.

"அண்ணாச்சி, இது காமாலை இல்ல. கண்ணு மஞ்சளா இருந்தாத்தான் காமாலை. கண்ணுக்கு மஞ்சளாத் தெரிஞ்சா அது இந்த மாத்திரை கூடிப்போனது."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அப்படியானால் பழமொழி? பாட்டன் பூட்டன் எல்லாம் சொன்னது? காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சளாகத் தெரியாதா என்று அவளிடமே கேட்டேன். தான் பார்த்த காமாலைக்காரர் எவரும் அப்படிச் சொன்னதில்லை என்றாள். கீழாநெல்லி மூத்திரத்தைப் பெருக்கி, உடம்பிலிருந்து போகக் கூடாத சத்தையும் சேர்த்து இறக்கியிருக்கும், வாழைப்பழத்தை நிறுத்தினது அதற்கும் மேலே என்றாள். குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

சரி, உள்ளே போனதை இறக்க மருந்து கொடுங்கள் என்றேன். அப்படி மருந்து இல்லையாம். மாத்திரையை நிறுத்தியாயிற்று, இனி அது தானாக இறங்க வேண்டும், இருதயம் அதுவரை தாங்க வேண்டும். இறங்கிப்போன சத்துக்காக உப்புத் தண்ணீர் மாதிரி ஒன்றைக் குடிக்கக் கொடுத்தார்கள். மற்றபடி பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. நட்டை ஓர் அளவுக்கு மேல் முறுக்கினால் மரை அழிந்துவிடும், பிறகு எந்த ஸ்பானராலும் பிடிக்காது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில், என் கையாலேயே போட்ட ஒவ்வொரு மாத்திரையும் அவள் உடம்பை விட்டு இறங்க வேண்டுமே என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செய்வதற்கு ஒன்றுமே இல்லாமல் இருப்பது எப்படி என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள், பெட்ஷீட் வெள்ளையாகத் தெரிகிறது என்றாள். நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று அழுதேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது தினம் அரை மாத்திரை என்று எழுதினார்கள். அடியோடு நிறுத்தினால் பழையபடி நீர் கோத்துக்கொள்ளும். கூடினால் இப்போது பார்த்ததுதான். நடுவில் ஒரு கோடு இருக்கிறது, அதில் நிற்க வேண்டும். ஏஞ்சலம்மாள் எனக்கு நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். காலையில் ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். அறுபதும் அதற்கு மேலும் இருந்தால் அரை மாத்திரை. அறுபதுக்குக் கீழே என்றால் அன்றைக்குக் கிடையாது. முதல் நாளே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொல்லியிருப்பார்கள் அண்ணாச்சி, ஹிந்தியில் சொல்லியிருப்பார்கள் என்றாள். இருக்கலாம். நானும் தலையாட்டியிருப்பேன்.

ஆகஸ்ட் நன்றாகப் போனது. அறுபத்தெட்டு, எழுபத்திரண்டு, அறுபத்தாறு. நான் எண்ணுவேன், அரை மாத்திரையை அவள் கையில் வைப்பேன், அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வேன். வாயைத் திறந்து காட்டு என்று அதன் பிறகு ஒரு நாளும் சொல்லவில்லை. வடிவு மறுபடி என்னைக் கேலி செய்யத் தொடங்கியிருந்தாள். நான்தான் பழமொழி சொல்வதை விட்டுவிட்டேன். அது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை.

செப்டம்பரில் எல்லையில் சண்டை தொடங்கி, குண்டு வீச்சுக்குப் பயந்து ஊர் முழுக்க ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டச் சொன்ன வாரம், நாடி ஐம்பத்தாறு காட்டியது. சட்டப்படி அன்றைக்கு மாத்திரை இல்லை. மறுநாள் ஐம்பத்தைந்து. இல்லை. மூன்றாம் நாள் ஐம்பத்தாறு. மாத்திரை இல்லாத மூன்று நாளில் வீக்கம் முழங்காலுக்கு ஏறியது, படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். மாத்திரையைக் கொடுக்காதே என்றது நாடி. கொடு என்றது மூச்சு. நான் யாரைக் கேட்பேன்?

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஏஞ்சலம்மாள் லீவில் ஊருக்குப் போயிருந்தாள். அவசர சிகிச்சையில் இருந்த சின்ன வயசு டாக்டர் மூத்திரம் போக ஊசி போட்டார். மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்கு, அது இருதய டாக்டர் எழுதினது, தான் கை வைக்க முடியாது, வியாழக்கிழமை வா என்றார். சண்டைக் காலம், வார்டில் கட்டில் இல்லை என்றும் சொன்னார். ஊசிக்கு ஒரு நாள் மூச்சு லேசானது. திங்கட்கிழமை பழையபடி.

செவ்வாய்க்கிழமை காலை எண்ணினேன். ஐம்பத்தாறு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். ஐம்பத்தாறுதான். அவள் தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பாதி மாத்திரை என் உள்ளங்கையில் இருந்தது. கொடுத்தால் மஞ்சள், குழாயடி, முப்பத்தாறு. கொடுக்காவிட்டால் என் கண் முன்னால் அவள் தண்ணீரில் முங்குகிற மாதிரி மூச்சுக்குத் தவிக்கிறாள். கையை நீட்டினேன், இழுத்துக்கொண்டேன். ஒரு பொடியளவு மாத்திரையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

"நீங்க சொல்லுங்க" என்றாள். "சொன்னா முழுங்குதேன். வேண்டாம்னா வேண்டாம்."

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவளிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வியாழக்கிழமை வரை தாங்காது, வாசலில் கொண்டுபோய்ப் போட்டாவது பார்ப்பார்கள் என்று தீர்மானித்து, மாத்திரையைச் சின்னக் கிண்ணத்தில் வைத்துவிட்டு டாக்ஸி பிடிக்க ஓடினேன். டாக்ஸியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது.

"போட்டுக்கிட்டேன்" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள். "நீங்க குடுத்தா, நீங்க குடுத்ததால்லா ஆயிரும். அதான் நானே போட்டேன்."

லாசரும் நானும் அவளை நாற்காலியில் வைத்துச் சந்து வழியாகத் தூக்கிப்போனோம். டாக்ஸியில் என் தோளில் சாய்ந்திருந்தாள். நான் மணிக்கட்டை விடாமல் பிடித்து எண்ணிக்கொண்டே போனேன். நாற்பத்தெட்டு வரை எண்ணியது ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் டாக்ஸி நின்றபோது எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

அன்று சாயங்காலமே எடுத்துவிட்டோம். மறுநாள் காடாற்று. அதற்கு அடுத்த நாள் வியாழக்கிழமை. லீவு விஷயமாக வெளியே போகிறேன் என்று வீட்டில் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, வடிவின் சீட்டை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அந்த அரை மாத்திரை அவளைக் கொன்றதா, அல்லது அதற்கு முந்தின நாட்களில் நான் கொடுக்காமல் விட்டதா? எது என்று தெரிந்தால் அதைச் சுமந்துகொண்டு இருந்துவிடுவேன். இரண்டையும் சேர்த்துச் சுமக்க முடியவில்லை.

வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். அந்த நேரமெல்லாம் ஹிந்தியில் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டே இருந்தேன். உள்ளே போனால் டாக்டர் புதியவர். பழையவர் பட்டாளத்துக்கு வைத்தியம் பார்க்கப் போய்விட்டாராம். புதியவர் தலையைத் தூக்காமல் சீட்டை வாங்கி, பேஷன்ட் எங்கே என்று ஹிந்தியில் கேட்டார். கட்டி வைத்திருந்த வாக்கியமெல்லாம் கலைந்துபோனது. போய்விட்டாள் என்று சொல்ல வாயெடுத்து, எனக்குத் தெரிந்த ஹிந்தியில், "ஓ சலி கயீ, சாப்" என்றேன். நம் ஊரில் போயிட்டா என்று ஒரு புருஷன் அந்தக் குரலில் சொன்னால் எதிரில் இருப்பவன் எழுந்து நின்றுவிடுவான்.

"முலுக்?" என்று கேட்டார் அவர். சொந்த ஊருக்கா என்று அர்த்தம்.

எனக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். முதல் ஆள் ஏற்கெனவே தன் சீட்டை மேஜைமேல் நீட்டிக்கொண்டிருந்தான். இல்லை, செத்துப்போனாள் என்று சொல்ல எனக்கு ஹிந்தி தெரியும். ஒர்க்‌ஷாப்பில் எத்தனையோ பேரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவளைப் பற்றிச் சொல்ல அந்தச் சொல் வரவில்லை. தலையாட்டினேன்.

டாக்டர் சீட்டில் தேதியைப் போட்டு, கீழே மூன்று இங்கிலீஷ் எழுத்தை எழுதினார். மருந்தைத் தபாலில் அனுப்பிவிடு என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிக்கொண்டார். நான் வெளியே வந்து மருந்து கொடுக்கிற ஜன்னலில் சீட்டை நீட்டி, இந்த மூன்று எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கம்பவுண்டரிடம் கேட்டேன். "ஸி எஸ் டி. வஹீ தவா சாலூ" என்றார். அதே மருந்தைத் தொடரவும்.

முப்பது நாளைக்குப் பதினைந்து மாத்திரைகளை எண்ணிக் காகிதத்தில் மடித்து, மேலே அவள் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதி, தினம் பாதி என்று சொல்லிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு, அடுத்த ஆளுக்கு வழிவிட்டு நகர்ந்தேன்.